உலோகத்திற்கோர் உரைகல்

சேலம் மாநகரின் வடகிழக்கே நெடிதுயர்ந்து நிற்பது சேர்வராயன் மலை. கொண்டை ஊசி வளைவுகள் இருபதனைக் கடந்து மேலேறினால், ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு என்னும் எழிலூரைக் காணலாம். அங்கே ஏரியுண்டு, காடுண்டு, காப்பித் தோட்டங்களும் மிளகுக் கொடிகளும் ஆரஞ்சு மரங்களும் உண்டு. மாரிக் காலத்தில் கிளியூர் அருவி பெருமுழக்கத்துடன் பாறைமேல் வீழும். அவ்வருவியின் அடியிற் கிடக்கும் கற்களைக் கையில் எடுத்துப் பாருங்கள். கூர்மையும் கரடும் நீங்கி, உருண்டு, வழவழப்பாக அவை விளங்கும். அவற்றைச் செதுக்கிய சிற்பி யார்? நீரும், நீரோடு வரும் மணலுமே அச்சிற்பிகள். ‘எறும்பு ஊரக் கல்லும் தேயும்’ என்பது நம் முன்னோர் கண்டறிந்து கூறிய உண்மை. எறும்பின் காலுக்கே கல் தேயுமாயின், மணலின் மோதலுக்கு இரும்பும் வெண்கலமும் எம்மாத்திரம்?

இலக்கணமும் இலக்கியமும் கற்பித்து முதுமை எய்திய தமிழாசிரியனாகிய யான், உலோகத்தின் தேய்வைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று நீங்கள் வினவலாம். அதற்கு ஒரு நிகழ்ச்சியே காரணம். பணி ஓய்வு பெற்றபின் யான் ஏற்காட்டிலே வாழ்ந்து வருகின்றேன். அண்மையிலுள்ள மலையூர் ஒன்றில் குடிநீருக்கென ஓடை நீரை மேலேற்றும் பம்பு ஒன்றுண்டு. அதனுள்ளே சுழன்று நீரை உந்தும் சக்கரம், ஒவ்வொரு மழைக்காலம் முடியும்போதும் பழுதுற்றுவிடும். பம்பு நின்றால் அவ்வூர்ப் பெண்டிர் குடத்தை இடுப்பில் வைத்துச் செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் இறங்கி ஏற வேண்டும். பள்ளி செல்லும் சிறுமியரும் பாடநூலை வைத்துவிட்டுக் குடத்தை எடுப்பர். ஒருநாள் அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் பழுதுற்ற சக்கரத்தை என் வீட்டுத் திண்ணையில் கொண்டுவந்து வைத்தார். பளபளப்பான வெண்கலம், ஆனால், அதன் இதழ்களின் விளிம்பு காகிதம்போல் மெலிந்து கிழிந்திருந்தது. “ஐயா, பொன்போல மின்னுகிறதே என்று மிகுந்த விலை கொடுத்து வாங்கினோம். ஓராண்டு தாங்கவில்லையே!” என்றார் அவர்.

அச்சக்கரத்தை வார்த்தவர் என் பழைய மாணவர் என்பதை அறிந்தபோது என் உள்ளம் துணுக்குற்றது. சேலத்தில் சிறியதொரு வார்ப்படப் பட்டறை நடத்தி வருபவர் அவர். யான் எழுதிய மடலைக் கண்டதும் நேரில் வந்தார். சக்கரத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். “ஐயா, இது கலப்படமான உலோகமன்று. நல்ல வெண்கலமே. துரு இதனை அணுகாது. ஏன் இவ்வாறு ஆயிற்று என்று எனக்கே விளங்கவில்லை” என்றார். “விளங்கவில்லை என்று ஒப்புக்கொண்டாயே, அதுவே கல்வியின் முதற்படி, தம்பி. இனி அதனை விளங்கிக்கொள்ளும் வழியைத் தேடு” என்றேன். அவர் தேடினார். அத்தேட்டத்தின் பயனாக எழுந்த பொறியைப் பற்றியே இங்குக் கூற விழைகின்றேன்.

முதலில் ஒரு வேறுபாட்டை நாம் உணர்தல் வேண்டும். துருப்பிடித்தல் வேறு, தேய்ந்து அரிபடுதல் வேறு. இரும்பு, காற்றோடும் ஈரத்தோடும் கூடி வேறொரு பொருளாக மாறுவது துரு. அது வேதியியல் மாற்றம். மணற்றுகளோ நீர்த்துளியோ விரைந்து மோதி, உலோகத்தைச் சிறிது சிறிதாகப் பெயர்த்தெடுத்துச் செல்வது தேய்வரிப்பு. அது மோதலால் நிகழும் அழிவு. தில்லியில் மெகரௌலியில் நிற்கும் இரும்புத் தூண் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் துருவை வென்று நிற்கின்றது. அப்பெருமையை எண்ணி மகிழ்வோம்; ஆனால், துருவை வென்ற உலோகம் மணலையும் வெல்லும் என்று எண்ணிவிடலாகாது. கற்றவரெல்லாம் வீரராதல் இல்லை. வீரரெல்லாம் கற்றவராதலும் இல்லை. உலோகமும் அவ்வாறே.

சேர்வராயன் மலையின் உடல் சார்னோக்கைட்டு என்னும் கடும்பாறையால் ஆனது. கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கு என்பாரின் கல்லறைக் கல் இவ்வகைப் பாறையால் ஆயது. அதனாலேயே பாறைக்கு இப்பெயர் வந்தது. இப்பாறையில் குவார்ட்சு என்னும் படிகக்கல் கலந்துள்ளது. பாறை சிதையச் சிதைய அப்படிகம் மணலாக ஓடையில் இறங்குகின்றது. பொருள்களின் கடினத்தை அளக்கும் மோசு அளவையில் குவார்ட்சின் எண் 7. செம்பின் எண் ஏறத்தாழ 3. பம்பினுள்ளே மணல் கலந்த நீர் சுழலும்போது, மென்மையான வெண்கலத்தின்மேல் ஓராயிரம் உளிகள் ஓயாது பாய்வதாகவே கருதல் வேண்டும். மலையூர்ச் சக்கரம் மெலிந்ததற்குக் காரணம் இதுவாகலாம் என்று மாணவர் ஊகித்தார். ஊகம் உண்மையாகுமா? அதனைச் சோதித்தறியவே பொறி வேண்டியதாயிற்று.

பொற்கொல்லர் பொன்னின் மாற்றை அறிய உரைகல்லை வைத்திருக்கின்றனர். கட்டளைக்கல் என்பதும் அதுவே. பொன்னை உரைத்துக் காட்டும் அக்கல், விற்பவன் முகத்தையும் பாராது. வாங்குபவன் முகத்தையும் பாராது. உலோகத்தின் தேய்வுக்கும் அத்தகைய உரைகல் ஒன்று உண்டு. உலகெங்கும் பொறியியலார் ஒப்புக்கொண்ட முறை ஒன்றில், 50 மைக்ரான் அளவுள்ள அலுமினாத் துகள்களைக் காற்றோடு கலந்து, ஒன்றரை மில்லிமீட்டர் விட்டமுள்ள மெல்லிய குழலின் வழியே செலுத்துவர். துகள்கள் நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில், 10 மில்லிமீட்டர் தொலைவிலுள்ள உலோகத் துண்டின்மேல் மோதும். நிமிடத்திற்கு 2 கிராம் துகளே வரவேண்டும். கூடவும் ஆகாது, குறையவும் ஆகாது. மோதலுக்கு முன்னும் பின்னும் துண்டினை நிறுத்து, எவ்வளவு எடை குறைந்தது என்று காண்பர். இவ்வளவே இம்முறையின் சாரம்.

சொல்வதற்கு எளிதாகத் தோன்றும் இதனுள் நுட்பங்கள் பல உள்ளன. துகளின் வேகத்தை எவ்வாறு அறிவது? காற்றின் வேகமே துகளின் வேகம் என்று கொள்ள இயலாது. துகள் காற்றினும் பின்தங்கும். இதற்கு அறிஞர் ஓர் அழகிய வழியைக் கண்டனர். ஒரே அச்சில் இரண்டு தட்டுகளைச் சிறிது இடைவெளிவிட்டுப் பொருத்துவர். முதல் தட்டில் ஒரு சிறு பிளவு இருக்கும். தட்டுகள் சுழலாதபோது பிளவின் வழியே சென்ற துகள்கள் இரண்டாம் தட்டில் நேரெதிரே ஒரு வடுவை உண்டாக்கும். தட்டுகள் சுழலும்போதோ, துகள் முதல் தட்டைக் கடந்து இரண்டாம் தட்டை அடைவதற்குள் அத்தட்டு சற்றே திரும்பிவிடும். ஆதலின் வடு விலகி விழும். இடைவெளி 2 சென்டிமீட்டர், சுழற்சி நொடிக்கு 50 முறை, வடு விலகிய கோணம் 12 பாகை என்று கொள்ளுங்கள். கணக்கிட்டால் துகளின் வேகம் நொடிக்கு 30 மீட்டர் என விடை வரும். மாணவர்களே, தாளும் எழுதுகோலும் எடுத்து நீங்களும் கணக்கிட்டுப் பாருங்கள்.

இன்னுமொரு நுட்பம் உண்டு. எடைக்குறைவை மட்டும் கண்டு தீர்ப்பளித்தால் நீதி பிறழும். அலுமினியத் துண்டு ஒன்று 27 மில்லிகிராம் இழந்தது. எஃகுத் துண்டு ஒன்று 39 மில்லிகிராம் இழந்தது என வைத்துக்கொள்வோம். அலுமினியமே சிறந்தது என்று உடனே கூறத் தோன்றும். ஆனால், அலுமினியம் இலேசான உலோகம். அதன் அடர்த்தி 2.7. எஃகின் அடர்த்தி 7.8. வகுத்துப் பார்த்தால் அலுமினியம் 10 கன மில்லிமீட்டரும், எஃகு 5 கன மில்லிமீட்டரும் இழந்தமை புலனாகும். உடலில் இரு மடங்கு குழி விழுந்தது அலுமினியத்திற்கே! எடையைக் கண்டு மயங்காது பருமனைக் கண்டு தெளிவதே முறை.

மோதும் கோணமும் கருதத்தக்கது. மென்மையும் நெகிழ்ச்சியும் உடைய உலோகம், 15 முதல் 30 பாகை வரையுள்ள சாய்ந்த மோதலில் மிகுதியாகத் தேயும். கண்ணாடிபோல் நொறுங்கும் இயல்புடைய பொருளோ நேர் மோதலிலேயே மிகுதியாகச் சிதையும். தச்சன் கையில் உள்ள உளி சாய்ந்தே மரத்தைச் சீவுகின்றது. சுத்தியலோ நேரே விழுந்து ஓட்டை உடைக்கின்றது. இவ்விரண்டையும் எண்ணினால் உண்மை எளிதில் விளங்கும். மோதலின் வேகம் இருமடங்கானால் தேய்வு நான்கு மடங்கு முதல் எட்டு மடங்கு வரையும் பெருகக் கூடும் என்பதையும் நினைவிற் கொள்க.

என் மாணவர் தம் பட்டறையின் ஒரு மூலையில், நாற்புறமும் மூடிய பெட்டிக்குள் இப்பொறியை அமைத்தார். நுண்மணல் தூசு நுரையீரலைக் கெடுக்கும் கொடியது. ஆதலால் தூசு வெளியேறாதவாறு வடிகட்டியும் வைத்தார். சுழலும் தட்டு ஒன்றில் ஆறு உலோகத் துண்டுகள் அமர்ந்திருக்கும். திருகுத்தண்டு ஒன்று துகளை அளந்து தள்ளும். துகள் மிகுந்தாலோ காற்றின் அழுத்தம் தாழ்ந்தாலோ பொறி தானே நின்றுவிடும். குறித்த நேரம் முடிந்ததும் தட்டு தானே திரும்பி அடுத்த துண்டைக் குழலின் எதிரே நிறுத்தும். ஒரு மில்லிகிராமில் நூற்றில் ஒரு பங்கையும் காட்டும் தராசு, தான் கண்ட எண்ணை எழுதுகோலின் இடையீடின்றி நேரே கணினியிற் பதியும். கைப்பேசியினும் விலை குறைந்த சிறு மின்னணுப் பலகை ஒன்றே இவற்றையெல்லாம் ஆட்டுவிக்கின்றது.

“கையாலேயே செய்யலாகாதா? தானியங்கும் பொறி எதற்கு?” என்று யான் வினவினேன். அவர் சொன்ன விடை என் நெஞ்சில் நிலைத்தது. “ஐயா, தொடக்கத்தில் சில துகள்கள் மென்மையான உலோகத்திற் புதைந்துவிடும். அப்போது எடை குறைவதற்கு மாறாகச் சற்றுக் கூடவுங் கூடும். தேய்வின் வேகம் ஒரு நிலைக்கு வரும்வரை மீண்டும் மீண்டும் மோதவிட்டு நிறுத்தல் வேண்டும். பத்தாம் முறை கை சலிக்கும். இருபதாம் முறை கண் மயங்கும். அதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. நான் வார்த்த உலோகம் வெல்ல வேண்டும் என்று என் மனம் விரும்பும். அவ்விருப்பம் அறியாமலே என் கைக்குள் புகுந்துவிடும். பொறிக்கு அவ்விருப்பம் இல்லை” என்றார் அவர்.

பொறி தன் தீர்ப்பைக் கூறியது. மணல் சாய்ந்து மோதியபோது, விலையுயர்ந்த அவருடைய வெண்கலம், விலை குறைந்த வார்ப்பிரும்பினும் மிகுதியாகத் தேய்ந்திருந்தது. கடினப்படுத்திய துருப்பிடிக்காத எஃகு அவ்விரண்டினும் மேலாக நின்றது. காற்றில் நிகழ்வது நீரிலும் நிகழுமோ என்று ஐயுற்று, ஓடை மணலைச் சலித்து நீரிற் கலந்து, அந்நீர் நிறைந்த சாடியில் துண்டுகளைச் சுழற்றியும் பார்த்தார். அங்கும் வரிசை மாறவில்லை. “நள்ளிரவில் தனியே இருந்து அவ்வெண்களைக் கண்டேன், ஐயா. பொறியன்றி வேறு சான்று இல்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் அனைத்தும் அழிந்துவிடும். என் கை அதன்மேல் ஒருகணம் நின்றதை உங்களிடம் மறைக்க மாட்டேன்” என்று அவர் கூறியபோது அவர் குரல் தழுதழுத்தது. அவர் அழிக்கவில்லை. மும்முறை சோதித்துத் தெளிந்தபின், ‘இச்சக்கரம் மணலற்ற தெளிநீருக்கு மட்டுமே உரியது’ என்று தாம் விற்கும் வெண்கலச் சக்கரத்தின்மேல் பொறித்தார். அதனால் வாடிக்கையாளர் சிலர் அவரைவிட்டு நீங்கினர். மலையூர்ப் பம்பிற்குக் கடின எஃகுச் சக்கரத்தைத் தம் செலவிலேயே மாற்றிக் கொடுத்தார். ஓடைக்கும் பம்பிற்கும் இடையே மணல் தங்கும் தொட்டி ஒன்றையும் ஊரார் கட்டினர். மழைக்காலம் இரண்டு கடந்தன, பம்பு நிற்கவில்லை. சிறுமியர் கையிற் குடத்திற்கு மாறாகப் பாடநூல் இருக்கின்றது.

வெண்கலம் தீய உலோகமா? அன்று. தெளிந்த நீரில் துருவின்றி நெடுநாள் உழைப்பது அது. தீய உலோகம் என ஒன்றில்லை. இடம் அறியாது இட்ட உலோகமே உண்டு. இடத்தை அறிவிப்பது சோதனை ஒன்றே.

உலக வரலாறும் இதனையே உரைக்கின்றது. இங்கிலாந்து நாட்டுப் பார்சன்சு என்னும் பொறியியலறிஞர், தம் கப்பலின் உந்துசக்கரம் எதிர்பார்த்தவாறு உந்தாததைக் கண்டு, 1895ஆம் ஆண்டில் சிறியதொரு நீர்த்தொட்டியை அமைத்துச் சக்கரத்தின்மேல் நீராவிக் குமிழ்கள் தோன்றுவதைக் கண்டறிந்தார். குமிழ்கள் உடையும்போது எழும் பேரழுத்தம் உலோகத்தையே குடைந்துவிடும் என்பதற்குரிய கணக்கை 1917ஆம் ஆண்டில் இராலே பெருமகனார் வகுத்தளித்தார். நம் நாட்டில் இமாசலப் பிரதேசத்தில் சட்லெஜ் ஆற்றின்மேல் அமைந்த நாத்பா ஜாக்ரி நீர்மின் நிலையம் 1500 மெகாவாட் ஆற்றலுடையது. இமயத்தின் படிக மணல் அதன் சுழலிகளை அரித்தமையால், டங்ஸ்டன் கார்பைடு என்னும் கடும்பொருளை உலோகத்தின்மேல் பூச வேண்டியதாயிற்று. வண்டல் அளவுக்கு மிஞ்சிய வேளைகளில் நிலையத்தையே நிறுத்தவும் நேர்ந்தது. மலையூர்ப் பம்பிற்கு வந்த நோயும் மாபெரும் மின்நிலையத்திற்கு வந்த நோயும் ஒன்றே.

சேலம் நாட்டிற்கு உலோகம் புதிதன்று. கஞ்சமலையின் இரும்புத்தாதுவை நம்பி, ஈத் என்னும் ஆங்கிலேயர் 1830ஆம் ஆண்டில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவினார். கஞ்சமலையின் அடிவாரத்திலே உள்ள சேலம் உருக்காலை 1981ஆம் ஆண்டு முதல் துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளை உருட்டி வருகின்றது. சேர்வராயன் மலையின் பாக்சைட்டு மேட்டூருக்குச் சென்று அலுமினியமாயிற்று. 1965ஆம் ஆண்டில் உற்பத்தி தொடங்கிய அவ்வாலை இப்போது இயங்கவில்லை. தேய்வுச் சோதனையில் மோதும் அலுமினாவும் பாக்சைட்டிலிருந்தே பெறப்படுகின்றது. அலுமினா படிகமாகி இயற்கையிற் கிடைப்பதைக் குருந்தம் என்று நம் முன்னோர் வழங்கினர். ஆங்கிலத்தில் வழங்கும் ‘கொரண்டம்’ என்னும் சொல் நம் குருந்தத்தின் வழிவந்ததே. பெயரைத் தந்தோம், தாதுவைத் தந்தோம், அவற்றைக் கொண்டு அளந்தறியும் பழக்கத்தை மட்டும் நாம் பெறாதிருக்கலாமா?

இதற்குத் தடை கூறுவாரும் உளர். தானியங்கும் பொறி மனிதரின் தொழிலைப் பறிக்கும் என்பர் சிலர். தராசு வந்தமையால் வணிகர் தொழில் கெட்டதுண்டா? சலிப்பூட்டும் வேலையைப் பொறி ஏற்கும்போது, எதனைச் சோதிப்பது, ஏன் தேய்ந்தது, எவ்வாறு திருத்துவது என்று சிந்திக்கும் உயர்ந்த வேலை மனிதனுக்கு எஞ்சுகின்றது. பெட்டிக்குள் நிகழும் பத்து நிமிடச் சோதனை, ஆற்றில் நிகழும் பத்தாண்டு உழைப்பைக் காட்டுமா என்பர் வேறு சிலர். இது தக்க வினாவே. எத்தனை ஆண்டு உழைக்கும் என்று இப்பொறி சோதிடம் கூறாது. ஒன்றினும் மற்றொன்று எவ்வளவு தாங்கும் என்னும் வரிசையையே கூறும். அவ்வரிசையும் இன்ன மணல், இன்ன வேகம், இன்ன கோணம் என்னும் வரம்புக்கு உட்பட்டதே. வரம்பறிந்து கூறும் சொல்லே அறிஞர் சொல்.

ஆதலின் என் கருத்தை முடிவாகக் கூறுவேன். சிறு பட்டறைகள் மிகுந்த நம் நகரங்கள் ஒவ்வொன்றிலும், தொழிற்பயிலகம் ஒன்றிலேனும் இத்தகைய பொறியை மாணவரே அமைத்தல் வேண்டும். சிறு கட்டணத்திற்கு எவரும் தம் உலோகத்தைக் கொணர்ந்து சோதித்துக்கொள்ள அது திறந்திருத்தல் வேண்டும். பெரிய ஆலைகளுக்குத் தத்தம் ஆய்வுக்கூடம் உண்டு. எளிய பட்டறையாளர்க்கும் உழவர்க்கும் யார் உளர்? சோதனையின் முடிவைத் தெளிந்த தமிழில் எழுதிப் பொருளோடு இணைத்தல் வேண்டும். மலையூர்ப் பெரியவர் தாம் வாங்கும் சக்கரம் மணல்நீருக்கு உரியதா, தெளிநீருக்கு உரியதா என்பதைத் தாமே படித்தறிதல் வேண்டும். தமிழால் அறிவியலைச் சொல்ல இயலுமோ என்று ஐயுறுவார்க்கு, மக்களின் தண்ணீர்க்குடம் அளிக்கும் விடையே போதும்.

இளைஞர்களே, உலோகத்தைச் சோதிக்கும் பொறி, அதனை அமைத்தவர் நெஞ்சையும் ஒருநாள் சோதிக்கும். தன் பிழையைத் தானே அளந்து, அளந்ததை மறையாது ஊரறிய உரைப்பவனே உண்மைத் தொழிலாளன். என் மாணவர் தேர்வில் பெற்ற மதிப்பெண்கள் இன்று என் நினைவில் இல்லை. அந்நள்ளிரவில் பொத்தானிலிருந்து அவர் கையை எடுத்தாரே, அதுவே யான் அவருக்கு இடும் முழு மதிப்பெண். நீங்களும் கற்பன கற்று, அளப்பன அளந்து, கண்டதைக் கண்டவாறே கூறும் பெற்றியராக விளங்குவீராக!